உப்புத்தரையில் ஓடிய தகர லாரி

அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீஞ்சூர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் மனை போட்டும் விலை போகாத ஒரு காலி இடம் இருக்கிறது. அங்கே நாலைந்து பேர் ரிமோட் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள், எல்லாருக்கும் முப்பது நாற்பது வயது இருக்கும். பெரிய சக்கரம் வைத்த சின்ன ஜீப் ஒன்று மண்மேட்டில் ஏறிப் பறந்து, தலைகீழாக விழுந்து, அப்படியே நின்றுவிட்டது. ஒருவர் அதை எடுத்து வந்து என் பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். அப்போது அந்த வாசனை வந்தது. சூடேறிய சின்ன மோட்டாரின் வாசனை, லேசாகக் கரிந்தும் எண்ணெய் கலந்தும். எனக்குக் கால் நகரவில்லை.

"இன்னா ஆன்ட்டி, ஓட்டிப் பாக்கறீங்களா?" என்று சிரித்தபடி ரிமோட்டை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருந்தது. நான் எவ்வளவு திருப்பினேனோ, ஜீப் அவ்வளவே திரும்பியது. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றியது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு அடிபட்ட நாளிலிருந்து சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கம் அது. நீ நெல்லூரிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் வந்துகொண்டிருந்தாய். தடாவில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாய். கிளீனர் சீனைய்யா மேலே மூட்டைகளின்மீது படுத்துத் தூங்கிவிட்டார். ஆரம்பாக்கம் தாண்டி, வளைவே இல்லாத நேர் ரோட்டில், பட்டப்பகலில், லாரி இடது பக்கமாக இறங்கிப் புளியமரத்தில் மோதியது. சீனைய்யாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. உனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

எதிரில் வண்டி இல்லை, ரோட்டில் பள்ளம் இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டான் என்று ஊரே சொன்னது. அதைவிட எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது நீ அதை ஒப்புக்கொண்டதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"தூங்கித்தான் பூட்டேன் பாப்பா. கனவுகூட வந்துச்சு. ஸ்டியரிங்க சுத்தறேன், அது பஞ்சு மாதிரி சுத்திகினே கீது. வண்டி கேக்கல. கண்ணு முழிச்சா எதிர்ல மரம்."

போலீசிலும் அதையேதான் சொன்னாய். லைசென்ஸ் போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு, கும்மிடிப்பூண்டி ரோட்டோரத்தில் இருந்த நம் வீட்டில், ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாய். ஹாரன் சத்தம் கேட்டால் உன் தோள் இறுகும். அம்மா லாரி என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டாள். வாசலில் வண்டி நின்றால்கூட, "யாரோ வந்து கீறாங்க" என்று மட்டும் சொல்வாள்.

நான் அப்போது மெட்ராஸில் ஒரு ரேடியோ கம்பெனியில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி 'காயில்' செய்யும் வேலையில் இருந்தேன். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். ஒருநாள் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கிடைத்தது. அதில் ஒரு படம். ஒருவர் கையில் பெட்டியோடு நிற்கிறார், இருபது அடி தள்ளி ஒரு பொம்மைக் கார் கம்பி எதுவும் இல்லாமல் ஓடுகிறது. பக்கத்திலேயே சர்க்யூட் படமும் போட்டிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தச் சர்க்யூட்டில் இருந்த மூன்று காயில்களும் நன்றாகப் புரிந்தன. நாள் முழுக்க நான் சுற்றுவது அதைத்தானே. அன்றைக்கே மனதில் பிடித்துக்கொண்டது. உனக்காக என்று ஆரம்பித்ததாக இப்போது சொன்னால் பொய். எனக்கே ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

கம்பெனியில் கழித்த டிரான்சிஸ்டர்களைச் சூப்பர்வைசரிடம் சீட்டு எழுதி வாங்கி வந்தேன். ஓட்டுவதற்குப் பழைய டேப் ரெக்கார்டர் மோட்டார் ஒன்று அகப்பட்டது. ஒரு பலகையில் ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி நாலு சக்கரம் வைத்தேன். ஒரு மாதம் நீ அதைத் திரும்பியே பார்க்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் நான் சால்டரிங் செய்துகொண்டிருக்கும்போது உன் குரல் பின்னாலிருந்து வந்தது.

"முன்னாடி அச்சு தப்பா கீது."

நான் திரும்பவில்லை. திரும்பினால் நீ நிறுத்திவிடுவாயோ என்று பயம். "எப்டிண்ணா தப்பு?" என்றேன்.

"அச்சோட சேத்து ரெண்டு சக்கரத்தையும் திருப்புற. அது மாட்டு வண்டி. லாரில அச்சு அசையாது, சக்கரம்தான் திரும்பும். இங்க குடு."

அன்றைக்கு என் பலகையை நீ முழுசாகப் பிரித்துப் போட்டாய். அடுத்த ரெண்டு மாதம் வீடு பட்டறையாகிவிட்டது. எண்ணெய் டின்னை வெட்டி கேபின் செய்தாய். நின்றுபோன கடிகாரத்தின் சுருளை வெட்டிப் பட்டை ஸ்பிரிங் வைத்தாய். செருப்பு ரப்பரில் பிளேடால் டயர் பட்டைக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கீறினாய். உன் லாரியில் இருந்ததைப் போலவே, ஸ்டியரிங் கை என்று சொல்லும் சின்னத் தண்டிலிருந்து சக்கரத்துக்கு ஒரு கம்பி ராடு. ராடு கழலாமல் இருக்க அதன் முனை ஓட்டையில் ஒரு குண்டூசியை வளைத்து மாட்டினாய். பொம்மைக்கு இவ்வளவு எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "பொம்மைன்னு அதுக்குத் தெரியக்கூடாதும்மா" என்றாய். அம்மா உள்ளே போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஓட்டும் முறைதான் உனக்குப் பிடிக்கவில்லை. நான் செய்த ரிமோட் பெட்டியில் ஒரே ஒரு பொத்தான். ஒரு தரம் அமுக்கிப் பிடித்தால் சக்கரம் வலது பக்கம் திரும்பும், ரெண்டு தரம் அமுக்கினால் இடது, விட்டுவிட்டால் நேர். சைக்கிள் டியூபைக் கீறி முறுக்கிய ரப்பர்தான் ஸ்டியரிங்கைத் திருப்பும் விசை.

"ஒண்ணுன்னா வலது, ரெண்டுன்னா இடது. இன்னா பாப்பா இது, லாரியா, தந்தி ஆபீஸா?"

"எனக்கு இவ்ளோதாண்ணா தெரியும்."

"சரி உடு. ஓடட்டும் மொதல்ல."

வீட்டுக்குள் ஓட்டிப் பார்த்தபோது புதுப் பேஜார் வந்தது. நான் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு ரேடியோவில் டொக் டொக்கென்று சத்தம். அவர்கள் வந்து கேட்டார்கள். உங்கள் செட்டு பழசாகிவிட்டது என்று நான் கூசாமல் சொன்னேன். ரேடியோ கேட்பதற்கே லைசென்ஸ் வாங்கிய காலம் அது, அலையை அனுப்புவதென்றால் கேட்கவே வேண்டாம். போலீஸ் வந்துவிடும் என்று அம்மா நடுங்கினாள். ஆளில்லாத இடமாகப் போய்விடலாம் என்று நீதான் சொன்னாய்.

அப்படித்தான் சுண்ணாம்புக்குளத்துக்கு பஸ் ஏறினோம். கோடையில் பழவேற்காடு ஏரி கிழக்கே உள்வாங்கிவிடும். அது விட்டுப்போன தரை கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாக, உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். நீ அக்குள் கட்டையை ஊன்றியபடி முன்னால் நடந்தாய். லாரியைத் துணியில் சுற்றிக் குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நம்மைப் பார்த்து என்ன நினைத்தார்களோ.

முதல் நாள் நீ பெட்டியைத் தொடவில்லை. "நான் ஓட்டக்கூடாது, நீயே ஓட்டு" என்றாய். நான் ஓட்டிய லட்சணம் உனக்கு நினைவிருக்கும். லாரி நம்மை விட்டு விலகிப் போகும்போது சரியாக வரும். நம்மை நோக்கித் திரும்பிவிட்டால் என் வலது அதற்கு இடதாகிவிடும், குழம்பிப்போய் எதையோ அமுக்குவேன், அது சுற்றிச் சுற்றி வரும். வெயிலில் பெட்டி சூடேறினால் அலை விலகிவிடும், லாரி கேட்காது. ஈரத் துண்டைப் பெட்டிமேல் போட்டுக்கொண்டு ஓட்டினேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை உன்னால் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ, வண்டியச் சாவடிக்கிறியே! குடு இங்க!"

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாய். லாரி நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. நீ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அது பெரிய வட்டமடித்து, உன் கட்டைக்கு ஒரு சாண் தள்ளித் துல்லியமாகப் போயிற்று. முன்னால் வந்தாலும் பின்னால் போனாலும் உனக்கு ஒன்றுதான். நான் வெளியில் நின்று ஓட்டினேன், நீ அதன் கேபினுக்குள் உட்கார்ந்து ஓட்டினாய். அன்று பஸ்ஸில் திரும்பும்போது நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எதிரில் வந்த ஒவ்வொரு லாரியையும் பார்த்துக்கொண்டே வந்தாய்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் எதையாவது மாற்றினோம். பின் சக்கரத்தை இரட்டையாக்கினாய். பாரம் ஏற்றினால் எப்படிப் போகிறது என்று பார்க்க, துணியில் சின்னச் சின்ன மணல் மூட்டை தைத்துத் தரச் சொன்னாய். மூட்டை ஏற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்ல வந்தேன்.

லாரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. இடது பக்கம் தரை தண்ணீரை நோக்கி லேசாகச் சரியும். லாரி மெல்ல அந்தப் பக்கம் இழுத்தது. நீ வலது அமுக்கினாய். கேட்கவில்லை. திரும்ப அமுக்கினாய். அது அவசரமில்லாமல், நிதானமாக, இடது பக்கமாகவே இறங்கிச் சேற்றில் கவிழ்ந்தது.

"சிக்னல் பூடுச்சு" என்று நான் ஓடினேன். தூக்கிப் பார்த்தால் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. "அமுக்குண்ணா!" என்று கத்தினேன். நீ அங்கிருந்து அமுக்கினாய். என் கையிலேயே ஸ்டியரிங் கை டக்கென்று வலப்பக்கம் திரும்பியது. சக்கரம் அசையவே இல்லை.

"அண்ணா, ரேடியோ வேல செய்யுது! கை திரும்புது, சக்கரந்தான் வரல. குண்டூசி உழுந்து ராடு கழண்டுகினு கீது!"

கட்டை உப்புத்தரையில் வழுக்க வழுக்க வந்து, என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாய். லாரியை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங் கையை ஒரு விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தாய். திரும்பத் திரும்பத் தள்ளினாய்.

"லேசா கீது" என்றாய். பிறகு ரொம்ப மெதுவாக, "பஞ்சு மாதிரி கீது பாப்பா."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ சொன்ன அதே வார்த்தை.

"அது கனவில்ல" என்றாய். "நான் முழிச்சிகினுதான் இருந்தேன். சுத்தினேன். வண்டி கேக்கல. நான் தூங்கல பாப்பா. நான் தூங்கல!"

கடைசி வார்த்தையை நீ என்னிடம் சொல்லவில்லை, ஏரியைப் பார்த்துக் கத்தினாய். தண்ணீரோரம் நின்ற பறவைகள் எல்லாம் எழும்பிப் போயின. பத்து மாதம் அழாத நீ அந்தத் தகர லாரியைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

நான்தான் அந்த நேரத்திலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மரத்துல மோதினதுல கூட ராடு கழண்டிருக்கலாம்ணா" என்றேன். கம்பெனியில் பழகிய புத்தி, சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள வராது. நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப போயி பாத்துடலாம்" என்றாய்.

உடைந்த லாரி பொன்னேரியில் முதலாளியின் ஷெட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. சீனைய்யா தோள் போனபிறகு அங்கேயே வாட்ச்மேனாக இருந்தார். உன்னைப் பார்த்ததும், "வா நைனா, நாஷ்டா ஆச்சா?" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உன்னால் வண்டிக்கு அடியில் குனிய முடியாது, அவரால் படுக்க முடியாது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்தான் டார்ச்சோடு உள்ளே ஊர்ந்தேன். நீ மேலிருந்து கேட்டாய், நான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

"ராடு தொங்குதுண்ணா."

"வளஞ்சி கீதா, நேரா கீதா?"

"நேரா கீது. கோடு போட்டாப்ல."

மோதலில் பிய்ந்திருந்தால் வளைந்திருக்கும் என்று எனக்கே தெரிந்தது. "முனையில நட்டு கீதா?" என்றாய். நட்டு இல்லை. நட்டு கழலாமல் தடுக்க ஒரு பின் மாட்டும் ஓட்டை இருக்கும், அதைத் துடைத்துப் பார்க்கச் சொன்னாய். துடைத்தேன். பின் இருக்க வேண்டிய ஓட்டையில், தேய்ந்து அறுந்துபோன கட்டுக்கம்பித் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது.

அதை வெளியே கொண்டுவந்து உன் உள்ளங்கையில் வைத்தேன். உனக்கு முன்னால் சீனைய்யாதான் அதை அடையாளம் கண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நைனா... நான்தான். சூலூர்பேட்டயில கிரீஸ் அடிக்கறப்போ பின்னு ஒடஞ்சிச்சு. மெட்ராஸ்ல போயி மாத்திக்கலாம்னு கம்பியச் சுத்தினேன். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். அப்பறம் நீயே தூங்கிட்டேன்னு சொன்ன, நானும் அதான்னு நெனச்சிக்கினேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. ஒரு கால் போச்சு, பேர் போச்சு, எங்கம்மா பத்து மாசமா சரியா சோறு திங்கல என்று அந்த மனுஷரை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"உடு பாப்பா" என்றாய். கம்பித் துண்டை விரலால் உருட்டிப் பார்த்தாய். பிறகு அவரிடம் கேட்டாய்: "அன்னிக்கி நம்ம டூல்ஸ் பொட்டில எத்தினி பின்னு இருந்துச்சு?"

"ஒண்ணுகூட இல்ல நைனா."

"பொட்டியப் பாக்க வேண்டியது யாரு? டிரைவருதான். நான் பாக்கல." அவரைத் தூக்கிவிட கை நீட்டினாய். ஒரு காலில் நின்றவன் ஒரு தோள் போனவரைத் தூக்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கோபம் அன்றைக்கே தீர்ந்தது என்று சொல்லமாட்டேன், பல மாதம் ஆயிற்று.

முதலாளி வந்தார். நீ கம்பித் துண்டைக் காட்டி, "நான் தூங்கல மொதலாளி. பின்னு இல்லாம வண்டி போச்சு" என்றாய். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "யாரு கம்பி சுத்தினது?" என்று கேட்டார். சீனைய்யா வாயைத் திறக்கும் முன் நீ முந்திக்கொண்டாய்.

"அத இன்னாத்துக்குக் கேக்கறீங்க? மத்த வண்டியில எல்லாம் பின்னு கீதான்னு கேளுங்க."

அன்று ஷெட்டில் நின்ற வண்டிகளை எல்லாம் பார்த்தோம். ஒன்றில் ஆணியை வளைத்து மாட்டியிருந்தார்கள், இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. முதலாளி அந்த ரெண்டு வண்டியையும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். கடைசியில், "நாளையிலிருந்து காலையில வந்து எல்லா வண்டியும் பாத்துட்டுத்தான் அனுப்பணும், உன்னால முடியுமா?" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "லாரி ஷெட்டுலயா?" அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து எத்தனை நாள் ஆகியிருந்தது.

அப்புறம் நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தது. வயல் இருந்த இடத்தில் ஷெட்டுகள் எழும்பின, லாரிகள் வரிசை கட்டின. ஸ்டியரிங் வேலை என்றால் உன் பட்டறை என்று ஆயிற்று, சீனைய்யா உன்னோடு வந்து சேர்ந்துகொண்டார். நீ வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்பாய்: "கையில எப்டி கீது, சொல்லு." அவன் சொல்லி முடிக்கும்வரை ஸ்பேனரை எடுக்கமாட்டாய்.

தகர லாரிகளும் பெருகின. இரண்டாவதற்கு டிரெய்லர் கட்டினாய். மூன்றாவதற்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்க நான் வழி கண்டுபிடித்தேன். கோடை வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் சுண்ணாம்புக்குளம் வந்துவிடுவார்கள். நிஜ லாரியை மலைப்பாதையில் இறக்கியவர்கள் இந்தப் பொத்தானில் தோற்றுத் தலையைச் சொறிவார்கள். சீனைய்யா மட்டும் கடைசிவரை ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு லாரியும் கிளம்பும் முன் குனிந்து குண்டூசியைத் தொட்டுப் பார்ப்பது அவர் வேலை. தொடாமல் யாரையும் கிளம்ப விடமாட்டார்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. பல வருஷம் கழித்து, கம்பெனியில் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கிய பிறகு நடந்தது. கலா என்று ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் சுற்றிய காயில்கள் ஒரு வாரமாகத் தொடர்ந்து டெஸ்டில் தேறவில்லை. பேசிக்கொண்டே வேலை செய்கிறாள் என்று மேலே எழுதிவிட்டார்கள். என் முன்னால் வந்து நின்று, "என் தப்புதாங்க்கா, கவனிக்கல" என்றாள். எழுதியிருந்த காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டால் போதும், அவள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பேனாவை எடுத்தும்விட்டேன்.

எடுத்த பேனாவை வைத்துவிட்டு, "சுத்தறப்போ கையில எப்டி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன். யோசித்துச் சொன்னாள்: "கம்பி கொஞ்சம் வழுக்கிச்சுக்கா. நான்தான் சரியா புடிக்கலன்னு நெனச்சிக்கினேன்."

அவளுடைய மிஷினைப் பிரிக்கச் சொன்னேன். கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கம்பளித்துண்டு தேய்ந்து காகிதமாகியிருந்தது. மிஷின் பக்கத்தில் நின்று அவள் தன் ரெண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அங்கே இருபது வருஷம் வேலை செய்தாள்.

ரிடையர் ஆகிவிட்டேன், என் கீழ் இப்போது யாரும் இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்தில், சொந்தத்தில், யாராவது முகம் செத்துப்போய் என்னிடம் வந்து எல்லாம் என் தப்புதான் என்று ஆரம்பித்தால், நான் தலையாட்டுவதில்லை. உட்காரச் சொல்கிறேன். தண்ணீர் கொடுக்கிறேன். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொல்லி, நடுவில் பேசாமல் கேட்கிறேன்.

உன்
பாப்பா